கடை முகப்பும் காணாமல் போன ஒன்பதாம் பலகையும்

ஜனவரியில் வாடைமழை ஓய்ந்துகொண்டிருந்த ஒரு காலை, கடை முகப்பின் மேலிருந்து பாய் அகலத்துக்கு ஒரு சீமெந்துப் பாளம் கழன்று விறாந்தையில் விழுந்தது. நல்லகாலம், கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது, வழக்கமாக அந்த இடத்தில் படுத்திருக்கும் நாயும் அன்றைக்கு வேறு எங்கோ போயிருந்தது. விழுந்ததைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் சொதசொதவென்று ஈரம், அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மேலே சுவரில், பாளம் கழன்ற இடத்தில், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக முருகைக்கல், அதாவது கடலில் எடுத்த பவளப்பாறைக் கல், தெரிந்தது. நாற்பது வருசமாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த முகப்பைத் திருத்திய கதைதான் இது. பெப்ரவரியில் தொடங்கினேன், செப்டெம்பர் கடைசியில்தான் முடிந்தது. வீட்டில் ஒரு மாத வேலை என்று சொல்லி வைத்திருந்தேன், அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

கடை இருப்பது திருகோணமலையில், பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத்தெருவில். பூட்டனார் கட்டியது, அம்மப்பா நடத்தியது. கயிறு, தார்ப்பாய், அரிக்கன் லாம்பு, வள்ளத்துக்குப் பூசும் தார் என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டிய எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தது. நான் இப்போது வயரும் பல்பும் விற்கிறேன். முகப்பு 18 அடி அகலம், உள்ளே போனால் 60 அடிக்குக் கொஞ்சம் கூட. முன்னால் ஐந்தடி விறாந்தை, அதைத் தாங்க நாலு மரத்தூண், மேலே கள்ளிக்கோட்டை ஓடு, கடை வாசலுக்கு மேல் மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சலாகை வைத்த காற்றுப்போக்கி. பார்க்கப் பெரிய அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் தெருவில் இப்படி மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், மற்றவை கண்ணாடியும் அலுமினியத் தகடும் போட்டுக்கொண்டுவிட்டன.

இந்த ஊர்க் கடைத்தெரு ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் கோட்டையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1782 என்ற ஒரே வருசத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு தடவை கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் பிடித்தது நிலைத்தது, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரும் வைத்தார்கள். யார் பிடித்தாலும் கோட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பீரங்கிக்கு முன்னால் வீடு கட்ட விடமாட்டார்கள். வருகிறவனைச் சுட வெட்டவெளி வேண்டும். இங்கே முற்றவெளி இன்றைக்கும் வெளியாகக் கிடக்கிறது, ஊர்ச் சனம் அந்த வெளிக்கு இப்பால், டச்சுக் குடாவுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கிய நிலத்தில்தான் வாழ்ந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நெருக்கி நெருக்கிக் கடைகள். எங்கள் சுவரில் உப்பு எப்படி வந்தது என்பதற்கும் அதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதிப் பதில், நாங்கள் செய்தது. அதற்கு வருகிறேன்.

பாளம் விழுந்த வாரமே நான் செய்யப் பார்த்தது, எல்லாரும் செய்வதுதான்: ஒரு மேசனைப் பிடித்து, விழுந்த இடத்தில் நல்ல கனமாகச் சீமெந்து பூசி, பெயின்ட் அடித்து, சித்திரைக்கு முன் முடித்துவிடுவது. வந்த மேசன் அண்ணை கிண்ணியாப் பக்கத்து ஆள், அறுபது வயதிருக்கும். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். முக்கால்வாசி இடம் வெற்றுத் தகரத்தில் தட்டுகிற மாதிரி ‘டொக் டொக்’ என்றது. “தம்பி, இது முழுக்கக் கழண்டு நிக்குது. சீமெந்து பூசின சுவர் உள்ளுக்குள்ளயே வேர்க்கும். நீங்க விழுந்த துண்டுக்கு மட்டும் பூசினா அடுத்த வாடைக்கு மற்றது விழும், அப்ப நாய் இருக்கோ ஆள் இருக்கோ தெரியாது” என்றார். வேலை கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு கொஞ்சம் வாசித்து, கொஞ்சம் சுரண்டிப் பார்த்ததும் விளங்கியது. பழைய சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் திருப்பி விட்டுவிடும். நிலத்திலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீர் சுண்ணாம்புப் பூச்சின் வெளிமுகம்வரை வந்து காய்ந்து, உப்பு வெளியே பொடியாகக் கொட்டும். வருசத்துக்கு ஒருமுறை தும்புத்தடியால் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் சரி. அதன் மேல் இறுக்கமான சீமெந்தைப் பூசியதும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. உப்பு சீமெந்துக்குப் பின்னால் பளிங்காகக் கட்டி, கட்டக் கட்டப் பருத்து, பூச்சை உள்ளேயிருந்து தள்ளுகிறது. அதாவது விழுந்தது பழைய சுவர் இல்லை, பழைய சுவரைப் ‘பலப்படுத்த’ 80களில் பூசிய பூச்சு. இந்த வேலை முழுக்க எனக்குக் கிடைத்த அனுபவம் இந்த வகைதான், பழுது என்று நான் கைவைத்த இடமெல்லாம் யாரோ ஒரு காலத்தில் திருத்திய இடமாக இருந்தது. அந்த யாரோ பெரும்பாலும் எங்கள் வீட்டுக்காரர்தான்.

சீமெந்தை உரிக்கவே 11 நாள் போனது. கிரைண்டர், பிரேக்கர் எதுவும் வேண்டாம் என்று அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், முருகைக்கல் அந்த அதிர்ச்சிக்குப் பொடிந்துபோகும். சின்ன உளியும் சுத்தியலும், சுவரை நோக்கிக் குத்தாமல் பக்கவாட்டில் சாய்த்துக் கிளப்பவேண்டும். கழன்று நின்ற இடங்கள் தட்டத் தட்டத் தானாக வந்தன. ஒட்டியிருந்த இடங்களில் கல்லின் முகமும் சேர்ந்து வந்தது, அங்கே நான் பேராசைப்படாமல் விட்டிருக்கவேண்டும், இரண்டு இடத்தில் விடாமல் பிடுங்கி உள்ளங்கை ஆழத்துக்குக் குழி விழுந்தது. அந்தக் குழிகளை அடைக்க முருகைக்கல் புதிதாகத் தேட முடியாது, கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி தடை, தடை இல்லாவிட்டாலும் சுனாமியைப் பார்த்த ஊர்க்காரன் செய்கிற வேலை இல்லை அது. உடைத்த ஒரு பழைய மதிலின் கல்லை ஒருவர் தந்தார், அதைச் செதுக்கி வைத்தோம்.

உரிக்கும்போது சுவர் தன் கதையைக் கொஞ்சம் சொன்னது. மேலே ஒரு பச்சை எனாமல், அதன் கீழ் ரோஸ், அதன் கீழ் சீமெந்து, அதற்கும் கீழே சுண்ணாம்பில் மெல்லிய மெல்லிய தாள்களாக மஞ்சள் காவி, பிறகு நீலம் கலந்த வெள்ளை, திரும்ப மஞ்சள். ஒரு காசளவு துண்டைப் பக்கவாட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்தேன், 20க்கு மேல் எண்ண முடியவில்லை, ஒன்றோடொன்று கலந்துவிட்டது. வருசத்துக்கு ஒன்று என்று வைத்தால் அவ்வளவு பொங்கல். வலப்பக்கச் சுவரின் மேல்முனையில், பக்கத்துக் கடையின் தீராந்தி வந்து செருகும் இடத்தில், மரம் கரியாக இருந்தது. 83 ஜூலையில் இந்த ஊரில் கடைகள் எரிந்தபோது பக்கத்துக் கடை எரிந்தது. எங்கள் கடைக்கு ஏன் பரவவில்லை என்று அம்மாவிடம் கேட்டால் பத்திரகாளி அம்மன் என்பார். இரண்டு அடிக் கனச் சுவர் என்பது என் எண்ணம். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் அந்தக் கரிமுனையை அப்படியே மூடாமல் விட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் இருந்தது, இப்படிப் பழைய கட்டடத்தில் கைவைக்க அனுமதி ஏதும் வேண்டுமா என்று. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் புராதன நினைவுச்சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2 என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியவைக்கு ஒரு மதிப்பு. எங்கள் கடை அதற்குப் பிந்தியது. காலி நகரத்துக் கோட்டைக்குள், 1988இல் அது உலக மரபுரிமை ஆனதிலிருந்து, ஒரு யன்னல் மாற்றுவதற்கும் கேள்வி உண்டு. இங்கே எங்கள் தெருவில் நான் முகப்பை நாளைக்கே இடித்துக் கண்ணாடி போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, கைதட்டத்தான் ஆள் இருக்கும். ஆகவே இந்தத் தெருவில் ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அது காசில்லாததாலும் வழக்குகளாலும் வெளிநாட்டில் இருக்கிற பங்காளி கையெழுத்துப் போடாததாலும் மிஞ்சியது.

அப்புறம் சுண்ணாம்பு. நான் சறுக்கியது இங்கேதான்.

பையில் விற்கும் தூள் சுண்ணாம்பை வாங்காதே, கல்லாக வாங்கி நீற்று என்று அண்ணை சொன்னார். மாத்தளைப் பக்கத்துச் சூளையிலிருந்து லொறியில் வருவித்தோம். நீற்றுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். தகரப் பீப்பாவில் பாதிக்குத் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்து முகத்தில் அடிக்கும். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும்போது அடியிலிருந்து ‘களக்’ என்று ஒரு சத்தம், பிறகு சோறு கொதிப்பதுபோல் முழுப் பீப்பாவும் தளதளவென்று கொதிக்கும், நெருப்பே இல்லாமல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நான் கண்ணாடி போட்டேன், காலில் சிலிப்பரோடு நின்றேன், வலது பெருவிரல் நகத்தடியில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

நீற்றிய சுண்ணாம்பு மேலே தண்ணீர் நிற்க மூடிக் கிடக்கவேண்டும். மூன்று வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் என்றார். எனக்கு அவசரம். ஒன்பதாம் நாள் தயிர்போல் ஆகிவிட்டதே என்று எடுத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் கலந்து, கீழ்ச்சுவரில் அண்ணை வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பூசினேன். அழகாக வந்தது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பூச்சில் அங்கங்கே பருக்கள் கிளம்பின, ஒவ்வொன்றும் பொரி பொரிவதுபோல் வெடித்து நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு கழன்றது. காலையில் விறாந்தையைக் கூட்டினால் ஒரு சிரட்டை சேரும். நடந்தது இது: அந்தப் பக்கத்துக் கல்லில் மக்னீசியம் கலந்திருக்கும், அது மெதுவாகத்தான் நீறும். நீறாத சின்னச் சின்னத் துணுக்குகள் சாந்தோடு சுவருக்குப் போய், அங்கே ஈரம் கண்டதும் ஆற அமர நீறிப் பருத்து வெடிக்கின்றன. பூசிய அவ்வளவையும் சுரண்டி எடுத்தேன். அண்ணை திட்டவில்லை, “சரி, இப்ப ஏன் மூண்டு மாசம் எண்டு விளங்கிச்சா?” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டாம் தடவை மிச்சச் சுண்ணாம்பை நுளம்பு வலையில் இரண்டு முறை வடித்து, மே கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன். மணல் கிண்ணியாவிலிருந்து வந்த ஆற்று மணல். அதையும் ஒரு போத்தலில் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளிந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன், கடல் மணல் கலந்தால் உப்பை நாமே சுவருக்குள் கொண்டுபோய் வைத்த மாதிரி. பழைய செங்கல்லை இடித்துச் சலித்த தூள் அரைப் பங்கு. அது சேர்ந்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்க்கவேண்டும் என்று பார்க்க வந்த ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொன்னார்கள். கொஞ்ச இடத்தில் போட்டுப் பார்த்தேன், எறும்பு வந்தது, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குக் கச்சான் என்றால் கோயில் வாசலில் விற்கிற கடலை, எங்களுக்கு அது மேற்கிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வருகிற காற்றும்தான். சுண்ணாம்பு சீமெந்து மாதிரி தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதில்லை, காற்றில் இருக்கும் கரியமிலவாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாகிறது, அதற்கும் கொஞ்சம் ஈரம் சுவரில் நிற்கவேண்டும். கச்சான் அந்த ஈரத்தை ஒரு மத்தியானத்தில் உறிஞ்சிவிடும், பூச்சு மயிரிழையாக வெடித்துவிடும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்தினோம். விறாந்தை விளிம்பில் கயிறு கட்டி நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, நாளுக்கு நாலு தரம் தண்ணீர் தெளித்தேன். கடைக்கு வந்தவர்கள் சாக்கை விலக்கிக்கொண்டு குனிந்துதான் உள்ளே வரவேண்டும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நானா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மகன், கடை வச்சிருக்கீங்களா, மாடு கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த விறாந்தையைப் பற்றி நானாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்த வரிசையில் முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை மழையில் நனையாமல், வெயில் படாமல் விறாந்தை வழியே நடந்துபோகலாமாம். கடைக்காரனின் நிலம், ஆனால் தெருவில் போகிறவனின் பாதை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதை ஐந்தடி நடை என்பார்கள், சிங்கப்பூரில் 1822லேயே ராஃபிள்ஸ் நகர அமைப்பு விதியாகவே எழுதிவைத்தார், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தொடர்ச்சியான கூரைபோட்ட நடைபாதை விடவேண்டும் என்று. இங்கே கடைக்குக் கடை அவரவர் விறாந்தையை அடைத்து உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அம்மப்பாவும் ஒரு பக்கத்தில் தட்டி வைத்து மூடியிருந்தார். அதைப் பிரித்தேன். இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் அரைக் கடை, மொத்தம் 30 அடி தூரம் இப்போது நனையாமல் நடக்கலாம்.

தரையைத் தோண்டியதில் இன்னொன்று கிடைத்தது. தெருவிலிருந்து விறாந்தைக்கு ஒரே ஒரு படிதான் என்று நினைத்திருந்தேன். தூண் அடியைப் பார்க்கத் தோண்டியபோது அதன் கீழே இன்னும் இரண்டு கருங்கல் படி. வீதிக்குத் தார் போடப் போட, ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, தெரு இரண்டு படி உயர்ந்துவிட்டது. மழை வெள்ளம் ஏன் உள்ளே வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோமே, காரணம் காலடியில் இருந்திருக்கிறது. வீதியை என்னால் இறக்க முடியாது, விறாந்தை ஓரமாக ஒரு சாணளவு வாய்க்கால் வெட்டி உள்ளே உடைகல் போட்டேன்.

தூண்கள் மேலே இரும்பு மாதிரி உறுதியாக இருந்தன, அடியில் ஒரு முழத்துக்கு உக்கிப்போயிருந்தன. இதுவும் திருத்தத்தால் வந்த கேடுதான். பூட்டனார் காலத்தில் தூண் கருங்கல் பீடத்தின் மேல் ஓர் இரும்பு முளையில் நின்றது, மரத்துக்கும் தரைக்கும் நடுவில் காற்று. பின்னால் யாரோ ‘ஆடுகிறது’ என்று அடியைச் சுற்றிக் கொங்கிரீட் பெட்டி கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கி மரத்தைத் தின்றுவிட்டது. ஆசாரியார் வந்து தூணைச் சீவி முகர்ந்து பார்த்துவிட்டு, சவண்டலை என்றார். எனக்கு மரம் என்றால் பாலையும் முதிரையும்தான் தெரியும். இந்தச் சவண்டலைதான் வெள்ளைக்காரர் காலத்து மர வியாபாரத்தில் எங்கள் ஊர்ப் பெயராலேயே, ‘திருகோணமலை மரம்’ என்று அழைக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் அலைக்குள் போய்க் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலா படகுகளை இந்த மரத்தில் கட்டினார்கள். வளையும், முறியாது. அப்படிப்பட்ட மரத்தை உக்கவைக்க ஒரு மூட்டைச் சீமெந்து போதும்.

கூரையை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு தூணை ஒவ்வொன்றாகச் செய்தோம். உக்கிய அடியை வெட்டி, பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய பாலைக் கட்டையைக் கீழே ஒட்டுப்போட்டார். இரண்டு மரத்திலும் ஒரு அடிக்கு மேல் நீளத்தில் படி படியாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்ததும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்குவது. நானும் ஒரு தூணுக்கு வெட்டிப் பார்த்தேன், மற்ற மூன்றிலும் பொருத்தில் நகம் நுழையாது, என்னுடையதில் ஐந்து ரூபாக் குற்றி நுழையும். ஆணி எதுவும் வேண்டாம் என்றார் ஆசாரியார். நான் மனம் கேளாமல் தூணுக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டேன், சாதாரண போல்ட் இந்த உப்புக் காற்றில் இரண்டு வருசத்தில் கறள் பிடித்து மரத்தைப் பிளக்கும்.

கூரையில் அதிகம் கைவைக்கவில்லை. ஓடுகளைக் கழற்றிக் கழுவியபோது பின்பக்கத்தில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று அச்சு. ஒரு வாரம் முழுக்க எங்கள் ஓடு 1865ஆம் ஆண்டு ஓடு என்று கண்டவர்க்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருசம், ஒவ்வொரு ஓட்டிலும் அதையே குத்துவார்களாம். சொன்னவர்களிடம் திரும்பப் போய்த் திருத்தவில்லை. தெருப்பக்கத்து ஓடுகளில் வேறு அச்சு, 64 டிசம்பர் சூறாவளியில் அந்தப் பக்கம் முழுக்கப் பறந்து பின்னால் புதிது போட்டதாக அம்மா சொன்னார்.

இனி பலகை. ரோலிங் ஷட்டர் வருவதற்கு முன் கடைகளை நெடும்பலகைகளால்தான் அடைப்பார்கள். வாசலின் மேலும் கீழும் மரத்தில் ஒரு காடி. கீழ்க்காடியில் வலப்பக்க முனையில் மட்டும் ஓரிடம் வெட்டித் திறந்திருக்கும், அதன் வழியாகப் பலகையை ஏற்றி இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போகவேண்டும், கடைசிப் பலகை அந்தத் திறப்பிலேயே நின்று பூட்டு வாங்கும். எங்கள் ஷட்டர் உப்பில் அரித்துப் பாதியில் நின்றுவிடும், அதன் பெட்டியின் பாரத்தில் மேல்வளையும் ஒரு விரல் தொய்ந்திருந்தது. அதைக் கழற்றி இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, பரணில் கிடந்த பழைய பலகைகளை இறக்கினோம். ஏழடி உயரம், ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடிய அகலம், ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 12.

ஒவ்வொன்றின் மேல்முனையிலும் உளியால் வெட்டிய ஓர் எழுத்து இருந்தது. ஒன்றில் அ. ஒன்றில் எ. உ, க, ச. சரி, அகரவரிசை என்று நினைத்தேன். அ, உ, எ, பிறகு க, ங, ச என்று அடுக்கி ஏற்றினால் ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை, ஒரு இடத்தில் கை நுழையும், ஒரு இடத்தில் தள்ளவே முடியாது. ரு, சு என்று வேறு இருந்தன. ஒருவேளை செய்த ஆசாரிமாரின் பெயரோ என்று பார்த்தால், ங-வில் தொடங்குகிற பெயர் உலகத்தில் யாருக்கு இருக்கும்? ‘ய’ மட்டும் நாலு பலகையில், அதில் மூன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து. இரண்டு பின்னேரம் இந்தப் பலகைகளோடு மல்லுக்கட்டி, ஒன்றைச் சீவிச் சரிப்படுத்தலாம் என்று சீவுளியைக்கூட எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் நானா கடையில் தேத்தண்ணி குடிக்க வந்த ஒரு பழைய கணக்கப்பிள்ளை ஐயா, எண்பது தாண்டியவர், செட்டிமார் கடையில் பேரேடு எழுதியவர், தெருவைக் கடந்து வந்து ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். “என்ன தம்பி, எட்டைக் கொண்டுபோய் முதலிலே நிப்பாட்டியிருக்கிறீர்?” என்றார்.

எட்டு. அ இல்லை, ௮. க இல்லை, ௧. அவ்வளவும் தமிழ் எண்கள். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, பிறகு ௰, ௰௧, ௰௨, ௰௩. அவர் சொல்லச் சொல்ல ஏற்றினோம், எட்டுவரை ஒன்றோடொன்று பெட்டி மூடுகிற மாதிரி ‘டக் டக்’ என்று போய் நின்றன. ஒவ்வொரு பலகையும் தன் பக்கத்துப் பலகையின் வளைவுக்கு ஏற்பச் சீவப்பட்டது, இடம் மாறினால் பொருந்தாது. நான் சீவியிருந்தால் முழு வரிசையும் போயிருக்கும். சீவுளியை ஐயா காணாதபடி பின்னால் வைத்தேன்.

ஒன்பதைக் காணவில்லை. பரண், கோடிப்புறம், விறகுக் கொட்டில் எல்லாம் தேடியாயிற்று. கடைசியில் வீட்டில், சாமி அறையில், குனிந்து திரி எண்ணெய்ப் போத்தலை எடுக்கும்போது தலை இடித்து மேலே பார்த்தேன், சாமித்தட்டின் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கறுப்புக்குள் ௯. அம்மம்மா காலத்தில் ஷட்டர் போட்டபோது ஒரு பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டாக அடித்திருக்கிறார்கள். அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். “பிள்ளையார் இருக்கிற பலகையைத் தெருவிலே நிப்பாட்டப்போறியோ?” என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆகவே ஒன்பது புதிது. ஆசாரியார் முதிரையில் செய்து தந்தார், இரண்டு பக்கமும் எட்டையும் பத்தையும் நெஞ்சோடு வைத்துப் பார்த்துப் பார்த்துச் சீவினார். எண்ணை நான்தான் வெட்டினேன், சுழி கொஞ்சம் கோணல், தூரத்தில் பார்த்தால் கூ மாதிரியே இருக்கிறது, அது பரவாயில்லை என்று ஐயா சொன்னார். பூச்சின் மேல் ஆறு கை சுண்ணாம்பு அடித்தோம், தண்ணீர்போல் மெல்லிசாக, காவி கலந்து, அந்தப் பழைய மஞ்சளுக்குக் கிட்டவாக. ஈரமாக இருக்கும்போது அழுக்குத் தண்ணீர் நிறம், காய்ந்ததும் வெளிச்சம் பிடிக்கிறது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் வாடை இறங்கியது. முதல் மழைக்குச் சுவர் இடுப்பளவுக்குக் கறுத்து நனைந்தது, அடுத்த நாள் வெயிலில் மத்தியானத்துக்குள் திரும்ப மஞ்சளானது. வாய்க்கால் தண்ணீரை வாங்கியது, நானா கடைப் பக்கமாக, அதற்கு அவருக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. பழைய பலகைகள் அசையவில்லை. புதிய ஒன்பது மட்டும் ஈரத்துக்கு உப்பிவிட்டது, ஐந்து நாளாக அது எட்டோடு இறுகி நிற்கிறது, காலையில் கடை திறக்க ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டவேண்டும். தையில் காய்ந்ததும் ஓரம் ஒரு நூல் சீவலாம், அதுவரை கைவைக்காதே என்று ஆசாரியார் சொல்லியிருக்கிறார்.